ஈட்டி பிடித்த கையும் காசு கொடுத்த கையும்

உயிர்க்கொலை விலக்குதல் நாம் ஏற்றுக்கொண்ட ஐந்து சீலங்களுள் முதலாவது. அதனை நாள்தோறும் நாவால் மொழிகின்றோம். மொழிவது எளிது. சமைத்த மீன் ஒன்று தட்டில் கிடக்க, அதனை எதிரில் வைத்துக்கொண்டு மொழிவது எளிதன்று. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவர் நம் சங்கத்து இளைஞர் ஒருவர்.

அவர் வேல்ஸ் நாட்டில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகச் சில ஆண்டுகள் பணிபுரிந்து திரும்பியவர். அங்கே அவருடன் வேலை செய்தவர்களில் மூவர், விடுமுறை நாள்தோறும் கடலுக்குள் மூழ்கி ஈட்டியால் மீன் குத்தும் விருப்பமுடையோர். அவர்கள் இவரையும் துணைக்கு அழைத்துச் செல்வார்கள். இவர் நீந்த அறியாதவர். ஆதலின் கரைப்பாறையில் அமர்ந்து, அவர்களுடைய உடைகளைக் காத்துக்கொண்டு, அலைமேல் ஆடும் மிதவையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் நண்பருள் ஒருவர், "இன்று உனக்காக ஒன்று கொண்டு வருகிறேன்" என்று சொல்லி மூழ்கினார். சொன்னபடியே பெரிய மீன் ஒன்றைக் குத்திக் கொண்டுவந்தார். "எனக்கென்று கொல்லப்பட்டதை நான் உண்ணலாகாது" என்று நம் இளைஞர் மறுத்துவிட்டார். நண்பரின் முகம் வாடிற்று. அடுத்த வாரம் நம் இளைஞர் கடையில் பனிக்கட்டிமேல் கிடந்த மீனை வாங்கிப் பையில் வைத்ததை அதே நண்பர் கண்டார். "நான் கண்ணால் பார்த்துக் கொன்ற மீன் உனக்கு ஆகாது. யாரோ வலையில் அள்ளி மூச்சுமுட்டச் செய்து கொன்ற மீன் ஆகுமோ?" என்று கேட்டார். இளைஞர் விடையின்றி நின்றார்.

ஊர் திரும்பியதும் அவ்வினாவை என்னிடம் வைத்தார். "ஐயா, எங்கள் இருவரில் யார் குற்றமுடையவர்?" என்றார். அன்று நானும் விடையின்றி நின்றேன். சில மாதங்கள் எண்ணிப் பார்த்தபின் இதனை எழுதத் துணிகின்றேன்.

முதற்கண் அந்த வேட்டை எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். அறியாமல் இகழ்வது அறமன்று.

வேல்ஸ் மூன்று பக்கம் கடல் சூழ்ந்த நாடு. அதன் தென்மேற்கே பெம்ப்ரோக்‌ஷயர் கடற்கரை, வடமேற்கே லீன் தீபகற்பம், அதற்கும் வடக்கே ஆங்கில்சித் தீவு. இவ்விடங்களிலே செங்குத்தான பாறைகள் கடலுக்குள் இறங்குகின்றன. பாறைகளின் அடியில் ஆள் உயரத்திற்கு வளர்ந்த பட்டைப்பாசிகள் காடுபோல் அசைகின்றன. அக்காடே மீன்களுக்கு வீடு. கோடையிலும் அந்நீர் குளிர்ந்தே இருக்கும். குளிர்காலத்திலோ எட்டு ஒன்பது பாகை வெப்பமே உண்டு. நம்மவர் அதில் இறங்கினால் சில நிமிடங்களில் உடல் விறைத்துவிடும். ஆதலால் அவர்கள் தடித்த ரப்பர் உடை அணிகின்றனர். அவ்வுடை மிதக்கச் செய்வதால் இடையிலே ஈயக் கட்டிகள் கோத்த வாரைக் கட்டிக்கொள்கின்றனர். முகக் கண்ணாடி, மூச்சுக்குழல், நீண்ட துடுப்புக் காலணி, ரப்பர் பட்டையின் விசையால் ஈட்டியைச் செலுத்தும் துப்பாக்கி, இடம் காட்டும் மிதவை ஆகியனவே அவர்களுடைய கருவிகள்.

அக்கடலின் ஓதம் மிக வலியது. வேல்ஸின் தெற்கேயுள்ள பிரிஸ்டல் கால்வாயில் நீர் ஏறி இறங்கும் அளவு உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஸ்கோமர் தீவுப் பக்கத்து ஜாக் நீரிணையிலும், ராம்சித் தீவுக்கும் செயின்ட் டேவிட்ஸ் கரைக்கும் இடையிலும், வடக்கே பார்ட்சித் தீவை அடுத்தும் கடல் ஆறுபோல் பாய்ந்தோடும். ஆகையால் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் நடுவே நீர் சற்று ஓய்ந்து நிற்கும் சிறு பொழுதினை அட்டவணை பார்த்துக் கணித்து, அப்பொழுதிலேயே இறங்குவார்கள்.

அவர்களுக்குள் சில கட்டுப்பாடுகள் உண்டு. காற்றுக் கலத்தை முதுகில் கட்டிக்கொண்டு வேட்டையாடுவதை இழிவாகக் கருதுவர். தம் ஒரு மூச்சு எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவே நேரம். உண்பதற்கு வேண்டியதற்கு மேல் குத்துவதில்லை. சிறு மீனை விட்டுவிடுவர். குத்திய மீனைத் துடிக்கவிடாமல் கத்தியால் உடனே முடித்துவிடுவர். பொழுதுபோக்காகப் பிடித்ததை விற்பதற்குச் சட்டமும் இடங்கொடாது. அவர்கள் பெரிதும் விரும்பும் பாஸ் என்னும் வெள்ளி மீன், நம் கொடுவாயை ஒத்த தோற்றமுடையது. அது மெல்ல வளர்வது. 42 சென்டிமீட்டர் நீளம் அடைய ஆறு ஆண்டுகள் அளவில் ஆகும். அவ்வினம் குறைந்தமையால், அதற்குக் குறைந்த நீளமுடையதைப் பிடிக்கலாகாது என்று 2015இல் விதித்தனர். அவ்வாண்டு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 மீன் என்றும், 2020இல் 2 மீன் என்றும் வரம்பு கட்டினர்.

இனி, இவர்கள் தம் செயலுக்குக் கூறும் நியாயங்கள் மூன்று. ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

"நாங்களும் எங்கள் உயிரைப் பணயம் வைத்தே இறங்குகிறோம், ஆகவே இது சமமான போர்" என்பது முதலாவது. பணயம் வைப்பது மெய்யே. நீருக்குள் மூச்சை அடக்குபவனுக்கு மூச்சுவிடும் வேட்கையை எழுப்புவது பிராணவாயுவின் குறைவன்று. உடலில் சேரும் கரியமில வாயுவின் மிகுதியே. இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயு குறைந்துபோகும்; வேட்கை எழாது. அடியில் இருக்கும்வரை நீரின் அழுத்தம் நுரையீரலிலுள்ள சிறிது பிராணவாயுவையும் இரத்தத்தில் செலுத்திக்கொண்டிருக்கும். மேலே வர வர அழுத்தம் தளரும். மேற்பரப்பை எட்டுமுன், கடைசிச் சில முழத்தில், யாதொரு எச்சரிக்கையும் இன்றி நினைவு தப்பிவிடும். இவ்வாறு மாண்டவர் பலர். இதற்கு அவர்கள் கண்ட காப்பு ஒன்றே: ஒருவன் கீழே இருக்கும்போது மற்றவன் மேலே இருந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் மேலே வந்து சில மூச்சு விட்டு, நலம் என்று சைகை செய்யுமளவும் கண்ணை எடுத்தலாகாது.

இது மதிக்கத்தக்க தோழமை. எனினும் இதனால் போர் சமமாகிவிடுமோ? போர் என்பது இருவர் உடன்பட்டுச் செய்வது. மீன் அப்போருக்கு உடன்படவில்லை, பந்தயம் கட்டவுமில்லை. ஒருவன் தன் உயிரைத் துச்சமாக எண்ணினால் அதனால் பிறன் உயிரின்மேல் அவனுக்கு உரிமை பிறந்துவிடாது. மலையுச்சியில் ஏறித் திருடுபவன் விழுந்துவிடலாம் என்பதனால் திருட்டு நேர்மையாகாது.

"வலை கண்ணில்லாதது; நாங்கள் கண்ணுடையோம். வேண்டிய ஒன்றை மட்டும் தேர்ந்து கொள்கிறோம்" என்பது இரண்டாவது. இது கனமான நியாயம். அடிமட்ட இழுவலை கடலின் தரையை வாரிக்கொண்டு போகும். வேண்டாத குஞ்சும், விலைபோகாத உயிரும் அதில் அகப்பட்டு மடிந்து, திரும்பக் கடலிலேயே எறியப்படும். இவ்விழப்பு ஈட்டியால் நேர்வதில்லை. ஆயினும், தேர்ந்தெடுக்கும் கை எதைத் தேர்ந்தெடுக்கிறது? பெரியதை. பாஸ் இனத்தில் பெரியவை பெரும்பாலும் முட்டை தாங்கும் பெண் மீன்கள். அங்குள்ள பாறைகளில் வாழும் பாலன் ராஸ் என்னும் மீனின் வாழ்வு வியப்புக்குரியது. அது பெண்ணாகவே பிறக்கிறது. ஆண்டுகள் பல கழிந்தபின் அவற்றுள் சில ஆணாக மாறுகின்றன. ஆண் மீன் பாசியால் கூடு அமைத்து முட்டைகளைக் காவல் காக்கும். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது. மனிதனைக் கண்டால் ஓடாமல் என்னவென்று பார்க்க அருகே வரும். ஓடுவதைக் குத்துவது திறமை எனின், பார்க்க வந்ததைக் குத்துவது எதுவாகும்? வேட்டைக்காரருள் நல்லோர் பலர் இம்மீனைக் குத்தாமல் விடுகின்றனர். அந்த வெட்கத்தை நான் அறத்தின் தொடக்கம் என்று கருதுகின்றேன்.

கண்ணுள்ள கையும் கடலை வெறுமையாக்க வல்லது என்பதற்கு அக்கடலிலேயே சான்று உண்டு. சிங்கி இறாலின் ஓரினம் அப்பாறைகளில் மிகுந்திருந்தது. 1960களிலும் 1970களிலும் காற்றுக் கலம் அணிந்து மூழ்கியோர் அவற்றைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கினர். வலைகளும் உடன் சேர்ந்தன. பல இடங்களில் அவ்வினமே அருகிவிட்டது. ஒவ்வொருவனும் ஒன்றைத்தான் எடுத்தான். கூடிப் பார்க்கையில் ஒன்றுமில்லை. பின்னர் ஸ்கோமர் தீவைச் சூழ்ந்த கடல் 1990இல் இயற்கைக் காப்பகமாகவும், 2014இல் வேல்ஸின் முதலாவது கடற்பாதுகாப்பு வட்டாரமாகவும் ஆக்கப்பட்டது. போலக் என்னும் மீனுக்கோ, அம்மேற்குக் கடல்களில் 2024ஆம் ஆண்டில் அதனைப் பிடிக்கவே கூடாது என்று கடலாய்வுக்கான பன்னாட்டு மன்றம் அறிவுரை கூறும் நிலை வந்தது.

"நாங்கள் செய்வதைக் கண்ணால் பார்த்துச் செய்கிறோம், வாங்குவோர் பாராமல் செய்விக்கின்றனர்" என்பது மூன்றாவது. இதுவே நம் இளைஞரை ஊமையாக்கியது. என்னையும் ஊமையாக்கியது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் பஞ்சாலையில் உழைத்தவன் நான். அதில் சில ஆண்டுகள் பஞ்சு சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் நின்றேன். பஞ்சுத் தூசு மூடுபனிபோல் நிற்கும். ஞாயிறு ஓய்வுக்குப் பின் திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் மார்பு இறுகும், மூச்சு இழுக்கும். எங்களுள் சிலர் நாற்பது வயதிலேயே மாடிப்படி ஏறமாட்டாதவர் ஆயினர். நாங்கள் நூற்ற நூலால் நெய்த வேட்டியை உடுத்தவர் எவரும் தீயவர் அல்லர். எங்கள் இருமல் அவர் காதில் விழவில்லை, அவ்வளவே. ஆனால் அந்தக் கேளாமையே எங்கள் ஆலையைத் திருந்தாமல் வைத்தது. ஆதலால் "நான் பார்க்கவில்லை" என்பது குற்றமற்றவனின் சொல்லா, அல்லது குற்றம் நிகழ உதவுகின்ற சொல்லா என்று என்னால் ஐயுறாமல் இருக்க இயலவில்லை.

இனித் தம்மம் என்ன கூறுகிறது என்று காண்போம். ஒரு செயல் கொலையாவதற்கு ஐந்து உறுப்புகள் வேண்டும் என்று நம் ஆசிரியர்கள் வகுத்துள்ளனர். உயிர் ஒன்று இருத்தல், அது உயிர் என்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் நேரும் சாவு என்பனவே அவை. ஈட்டி எறிபவனிடம் ஐந்தும் குறைவின்றி உள்ளன. கடையில் வாங்குபவனிடம் கொல்லும் எண்ணமும் முயற்சியும் இல்லை. ஆகவே இருவரும் ஒன்று என்று சொல்லுதல் பிழை. தனக்கென்று கொல்லப்பட்டதாகக் கண்டது, கேட்டது, ஐயுற்றது ஆகிய மூவகை ஊனையும் பிக்குகள் ஏற்கலாகாது என்று பகவன் ஜீவகனுக்கு உரைத்தார். "உனக்காக" என்ற சொல்லைக் காதாற் கேட்டபின் நம் இளைஞர் அம்மீனை மறுத்தது அவ்விதியின் நெறிப்படி நன்றே.

எனினும் அவ்விதி வீடுதோறும் நின்று இட்டதை ஏற்கும் பிக்குவுக்கு உரைத்தது. பிக்குவின் கையில் காசு இல்லை. அவர் வருவார் என்று எண்ணி எவனும் வலை வீசுவதில்லை. நம் கையிலோ காசு இருக்கிறது. நாளை நாம் வாங்குவோம் என்பதை எண்ணியே இன்றிரவு படகு புறப்படுகிறது. பெயர் சொல்லி நமக்கென்று கொல்லவில்லை. ஆனால் வாங்குவோர் என்னும் பெயரில் நாமும் அடக்கம். ஊன் விற்பனையைத் தகாத வாணிபங்களுள் ஒன்றாகப் பகவன் எண்ணினார். விற்பது தகாதெனின் வாங்குவது முற்றும் தூயதாதல் எங்ஙனம்?

மேலும் ஒன்று. அறிந்து தீமை செய்பவன், அறியாமல் செய்பவன் ஆகிய இருவருள் யாருக்குக் கேடு மிகுதி என்று மிலிந்த அரசன் நாகசேனரை வினவினான். அறியாமல் செய்பவனுக்கே என்றார் நாகசேனர். பழுக்கக் காய்ந்த இரும்பை, அது காய்ந்தது என்று அறியாமல் பற்றுபவனே மிகுதியாகச் சுடப்படுவான் என்று விளக்கினார். அறிந்தவன் ஒரு நாள் கையை இழுத்துக்கொள்ளக் கூடும். அறியாதவன் எதற்காக இழுப்பான்? ஈட்டிக்காரர் பலர் ஒரு வயதில் ஈட்டியை வைத்துவிட்டு நிழற்படக் கருவியை எடுத்துக்கொள்கின்றனர். அவர்கள் கண்டார்கள், ஆதலால் மாறினார்கள்.

அப்படியாயின் ஈட்டிக்காரனே மேலானவனோ? அங்ஙனமும் அன்று. அவன் நெஞ்சத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேல்ஸின் வை ஆற்றங்கரை மக்கள் இரவில் பந்தம் ஏந்திச் சால்மன் மீனை ஈட்டியால் குத்தினார்கள். ஆற்றின் மீன் ஊராருக்கா, ஆற்றுக்கு உரிமை கொண்டாடும் செல்வர்க்கா என்னும் வழக்கு அதில் அடங்கியிருந்தது. சால்மனை ஈட்டியால் குத்துவதை 1975ஆம் ஆண்டுச் சட்டமும் விலக்கி வைத்துள்ளது. அம்மக்களின் செயலில் வயிறும் உரிமையும் இருந்தன. இன்று கடலில் இறங்குபவனுக்கோ பசி இல்லை. நெடுந்தொலைவு காரில் வந்து, மீனின் விலைக்குப் பன்மடங்கு செலவிட்டு இறங்குகிறான். அவன் தேடி வருவது மீனையன்று, மகிழ்ச்சியை. அதில் ஈட்டி பாயும் அக்கணத்து மகிழ்ச்சியும் ஒரு பங்கு. பிற உயிர் இறக்கும் கணம் நமக்கு இனிக்குமாயின், அவ்வினிமையே நாம் அஞ்சவேண்டிய பொருள். எண்ணமே வினை என்பது நம் கொள்கையன்றோ?

மீனுக்கு நோவு தெரியாது என்று சிலர் தேற்றிக்கொள்வர். 2003இல் எடின்பரோவை அடுத்த ரோஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் லின் ஸ்னெடன் என்னும் அம்மையாரும் அவருடன் இருந்தோரும் டிரவுட் மீனின் உதட்டில் தேனீயின் நஞ்சையும் புளிக்காடியையும் செலுத்திப் பார்த்தனர். அம்மீன்கள் உடலை அசைத்தாடின. உதட்டைத் தரைக் கற்களில் தேய்த்தன. நெடுநேரம் இரை கொள்ளவில்லை. இதனை மறுப்போரும் அறிஞருள் உண்டு. ஆனால் பிரிட்டன் 2022இல் இயற்றிய சட்டம் முதுகெலும்புள்ள உயிர்கள் யாவும் உணர்வுடையன என்று ஒப்புக்கொண்டது. மீனும் அதில் அடங்கும். அதே நாட்டின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை ஏவி நரி வேட்டையாடுவதை விலக்கிற்று. 2006ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டமோ, மீன்பிடிப்பின் வழக்கமான போக்கில் நிகழ்வன எதற்கும் தான் பொருந்தாது என்று விலகிக்கொண்டது. நரி கத்துகிறது, மீன் கத்துவதில்லை. இமையில்லாத கண்ணும் ஒலியில்லாத வாயும் உடையது மீன். நம் இரக்கம் காதின் வழியாகவே வருகிறதென்றால் அது குறையுள்ள இரக்கம்.

சாவத்தி நகர்ப்புறத்தே சிறுவர்கள் மீன்பிடித்து வருத்திக்கொண்டிருந்ததைப் பகவன் கண்டார். அவர்களை வையவில்லை, வலையைப் பறிக்கவில்லை. துன்பத்திற்கு நீங்கள் அஞ்சுவதுண்டா, அது உங்களுக்கு விருப்பமானதா என்று மட்டும் கேட்டார். அஞ்சுகிறோம், விரும்பவில்லை என்றனர் சிறுவர். அவர் போதித்த அறம் முழுவதும் அந்த வினாவிலேயே அடங்கிவிட்டது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. உண்ணும் உணவைக் கொண்டு ஒரு கூட்டத்தாரைத் தாழ்த்தும் வழக்கத்தை நாம் நன்கு அறிவோம். அதன் வடு நம் மேனியில் உண்டு. என் சொற்களை அந்த வழக்கத்திற்குத் துணையாக எவரும் எடுத்தல் வேண்டா. தீநாற்றம் ஊனில் இல்லை. வன்சொல், வஞ்சம், பிறரை இகழ்தல் ஆகியவற்றிலேயே உள்ளது என்பது நம் நூல்களின் தெளிவான முடிவு. மரக்கறி உண்டு மனிதனை மிதிப்பவன் தூயவன் அல்லன். யான் பேசுவது தூய்மையைப் பற்றியன்று, இரக்கத்தைப் பற்றி.

ஆகவே அந்த இளைஞருக்கு என் விடை இது. ஈட்டி பிடித்த கையும் காசு கொடுத்த கையும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் கழுவவேண்டிய கைகளே. ஈட்டிக்காரன் பார்க்கிறான், ஆனால் அந்தக் காட்சியில் மகிழ்கிறான். வாங்குபவன் மகிழவில்லை, ஆனால் பார்க்க மறுக்கிறான். முன்னவன் தன் மகிழ்ச்சியை ஆராய வேண்டும். நீர் ஓய்ந்த வேளை, பாசிக்காட்டில் இறங்கும் ஒளி, பின்னால் வந்து காலணியைக் கடித்து விளையாடும் கடல்நாய், மேலே காத்திருக்கும் தோழன் ஆகிய இவை யாவும் ஈட்டி இல்லாமலும் அவனுக்குக் கிடைப்பனவே. தோழன் மூச்சை எண்ணிக்கொண்டு கண்ணெடாமல் பார்க்கின்றானே, அப்பார்வையைப் பத்து முழம் கீழே இறக்கி, பாறையிடுக்கில் செவுளை அசைத்துக்கொண்டிருக்கும் உயிரின்மேலும் வைத்துப் பார்க்கட்டும். பின்னவன், தான் வாங்குவது எங்கிருந்து எவ்வாறு வந்தது என்று கேட்கப் பழக வேண்டும். கேட்கத் தொடங்கினால் குறைப்பான். குறைத்தவன் ஒரு நாள் விடுவான்.

என்னைப்பற்றி மறைத்தல் தகாது. நான் மீனை இன்னும் முற்றும் விட்டேனில்லை. உபோசத நாள்களில் விட்டேன். இப்பொழுது வாரத்தில் வேறு சில நாள்களிலும் விட்டிருக்கிறேன். வாங்கும் நாளில் பிறரை அனுப்பாமல் நானே சந்தைக்குப் போகின்றேன். கூடையில் வாய் திறந்து மூடிக்கொண்டிருக்கும் மீனை நின்று பார்க்கிறேன். கார்டிங் பகுதியில் திங்கட்கிழமை காலையில் நான் மூச்சு வாங்கிய விதம் நினைவுக்கு வருகிறது. பல நாள் வெறும் பையுடன் திரும்பியிருக்கிறேன்.

இளைஞரிடம் வேறொன்றும் சொன்னேன். வாடிய முகத்துடன் நின்ற அந்த நண்பருக்கு ஒரு கடிதம் எழுதுக. "நீ கேட்ட கேள்வி நியாயமானது. அதற்கு விடையாக நான் வாங்குவதைக் குறைத்திருக்கிறேன்" என்று எழுதுக. நீ ஈட்டியை விடு என்று எழுதவேண்டா. நாம் ஒரு படி இறங்கினால் அவரும் ஒரு படி இறங்க எண்ணுவார். எழுதிவிட்டதாகச் சொன்னார். விடை இன்னும் வரவில்லை.

நீரில் வாழ்வனவும் நிலத்தில் வாழ்வனவும் அச்சமின்றி மூச்சு விடுக.